ஆமா போடுகிறவருக்கும் பெயர் உண்டு

ராப் என்றதும் நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி, ‘இது பாட்டா, பேச்சா?’ என்பதுதான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருக்கும் பேரனுக்கு அதற்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. ‘ஒங்களுக்குப் புரியாது தாத்தா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். கேள்வி நியாயமானது, பதிலும் அப்படியொன்றும் கஷ்டமானதில்லை. அது பாட்டும்தான், பேச்சும்தான். கோயில் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த தாத்தாவுக்கு இது பேரனைவிட நன்றாகவே புரியும், யாராவது உட்கார்ந்து விளக்கினால்.

விளக்க வேண்டிய அவசியம் இப்போது அதிகம். சமூக அக்கறையோடு ஒரு ராப் தொகுப்பு வெளிவந்தால் ஒரு சாரார் கேட்கும் முன்பே புரட்சி என்கிறார்கள். இன்னொரு சாரார் கேட்காமலே இரைச்சல் என்கிறார்கள். ஒருவர் எழுத, இன்னொருவர் தாளக்கட்டு போட, மூன்றாமவர் பாட, நாலாமவர் ஒலிப்பதிவு செய்து வெளியிடும் கூட்டுத் தொகுப்பாக இருந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடுகிறது. அது யாருடைய பாட்டு, சொன்ன கருத்துக்கு யார் பொறுப்பு, வந்த காசு யாருக்கு என்று எதற்கும் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

முதலில் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவிடலாம். ஹிப் ஹாப் பிறந்த நாளாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்விக் அவென்யூ 1520 என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம். சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கிளைவ், அதாவது டி.ஜே. கூல் ஹெர்க். பாட்டில் குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்பதை அவர் கவனித்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, அந்தச் சில விநாடிகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். நீண்ட தாளத்தின் மேல் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசத் தொடங்கினார். பேச்சு எதுகை பிடித்தது. எதுகை கதை சொல்லத் தொடங்கியது. நடுவே நெடுஞ்சாலை போட்டு வீடுகளை இடித்துத் தள்ளிய ஒரு ஏழைப் பகுதியின் பிள்ளைகள், வாத்தியம் வாங்கக் காசில்லாமல், வீட்டிலிருந்த இசைத்தட்டையே வாத்தியமாக்கிக்கொண்டதுதான் இதன் ஆரம்பம்.

இப்போது நம் ஊர் வில்லடிக்கு வாருங்கள். குழுவின் முதன்மைப் பாடகரான அண்ணாவி கதையைப் பேச்சாகத் தொடங்குகிறார். பேச்சு மெல்ல இழுபட்டுப் பாட்டாகிறது, பாட்டு உடைந்து மறுபடி பேச்சாகிறது. வீசுகோல் வில்லின் நாணில் விழும்போது மணிகள் குலுங்குகின்றன. குடமும் உடுக்கும் தாளத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுகிறார். அந்த ஆமா சும்மா தலையாட்டல் இல்லை. கதை சொல்பவருக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பதும், கேட்பவருக்கு ‘இந்த இடத்தைக் கவனி’ என்று சுட்டுவதும் அதுதான். ராப் மேடையில் முதன்மைக் குரலின் ஒவ்வொரு அடியிலும் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக் கூடச் சொல்கிற இன்னொரு குரல் செய்யும் வேலையும் இதுவே. பிராங்ஸுக்கும் நம் ஊர் முப்பந்தலுக்கும் உறவு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லி ‘எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று மார்தட்டுவதில் எனக்கு விருப்பமும் இல்லை. ஒரே தேவைக்கு இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியே கண்ட வழி, அவ்வளவுதான்.

ஒரு அடி எப்படித் தாளத்தில் உட்காருகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ராப் பாடுகிறவர்கள் நான்கு தட்டு கொண்ட ஓர் அளவை ‘பார்’ என்கிறார்கள். பதினாறு பார் சேர்ந்தால் வழக்கமான ஒரு சரணம். விளக்குவதற்காக நானே கட்டிய இரண்டு அடிகள்:

குளத்தத் தூத்து மனை போட்டான்
வளத்தப் பேத்து விலை போட்டான்

கையால் மேசையில் நான்கு தட்டுத் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சொல் விழும். குளத்த, வளத்த என்பது நம் யாப்பில் சொல்கிற எதுகை. தூத்து, பேத்து என்பதும் அப்படித்தான். மனை, விலை, போட்டான், போட்டான் என்பவை இயைபு. ஆங்கில ராப் பெரும்பாலும் அடியின் கடைசியில் ஒலி ஒன்றுவதை நம்பி நிற்கிறது. தமிழில் அடியின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் ஒலியைப் பின்ன முடியும், ஏனென்றால் அந்தப் பழக்கம் இரண்டாயிரம் ஆண்டுகளாக மொழிக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. குறிலும் நெடிலும் தெளிவாகப் பிரிந்திருப்பதால் எங்கே விரைவது, எங்கே நிற்பது என்பதையும் சொற்களே காட்டிவிடுகின்றன. சந்தப்பாட்டு தெரிந்த கிராமத்து ஓதுவார் ஒருவர் ராப் பாடகனின் தாளக்கட்டில் குறை கண்டுபிடிப்பார் என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தமிழ் ராப்பின் வரலாறு சென்னையில் தொடங்கவில்லை. மலேசியாவில் 1990களில் பொயட்டிக் அம்மோ குழு பாடியது. அதிலிருந்து வந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் ஆகியோருடன் சேர்ந்து நட்சத்திரா என்ற பெயரில் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார். இளையராஜாவின் பழைய பாட்டொன்றை எடுத்து அதன் மேல் கட்டப்பட்ட ‘மடை திறந்து’ அப்போது தமிழ்நாட்டு மினி பஸ்களிலும் ஒலித்தது. பிறகு ஹிப்ஹாப் தமிழா இரட்டையர் வந்தார்கள். மும்பை தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழுவினர் 2018இல் ‘காலா’ படத்துக்குள் வந்தார்கள். இதையெல்லாம் விரிக்க இங்கே இடமில்லை. நம் பேச்சுக்குரியது 2018, 2019 ஆண்டுகளில் நடந்தது.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிதார் வாசிக்கிறவர்கள், சட்டி அடிக்கிறவர்கள் என்று பத்தொன்பது பேர். சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்த பெயர். இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, சாதிக் கொலை, கையால் மலம் அள்ளுதல் எல்லாம் பாட்டாயின. அந்தக் குழுவில் இருந்த கானா பாடகி இசைவாணி 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

அதே குழுவிலிருந்த அறிவு, இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 2019இல் வெளியிட்ட தொகுப்பு ‘தெருக்குரல்’. அரக்கோணத்துக்காரர்; பொறியியல் படித்தவர்; முதலில் கவிதை எழுதி வந்தவர். சமூக அக்கறையுள்ள கூட்டு ஹிப் ஹாப் தொகுப்பு என்று தமிழில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் எடுத்து வைப்பேன். எழுத்தும் குரலும் ஒருவருடையது, ஒலி இன்னொருவருடையது, அட்டையில் இருவர் பெயரும் உண்டு. அதிகாரத்தைக் கேள்வி கேட்பவனைத் தேசவிரோதி என்று முத்திரை குத்துவதைப் பற்றி ஒரு பாட்டு, பேச வேண்டிய நேரத்தில் வாய்மூடி இருப்பவர்களைப் பற்றி ஒரு பாட்டு. இன்னொரு பாட்டின் பெயர் ‘ஸ்னோலின்’.

அந்தப் பெயரைக் குமரி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனவர்கள் மீது காவல்துறை சுட்டதிலும் மறுநாள் நடந்த துப்பாக்கிச் சூட்டிலுமாக 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி பதினேழு வயது ஸ்னோலின். விசாரித்த நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது காவல்துறையின் செயலைக் கடுமையாகக் குறை சொல்லியிருந்தது. அறிக்கை வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே பாட்டு வந்துவிட்டது.

சமூக அக்கறைப் பாட்டு என்ற பெயரில் வருவதில் பாதி வெறும் கோஷம். ‘அடிமைத்தனம் ஒழிக, அநீதி எரிக’ என்றால் யாருக்கும் வலிக்காது. அநீதி செய்கிறவனும் கூடச் சேர்ந்து கைதட்டுவான். ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு நாள் என்று பாட்டு இறங்கி வரும்போதுதான் அதற்குப் பொறுப்பு வருகிறது. சொன்னது தப்பு என்றால் யாரும் எழுந்து மறுக்கலாம். மறுக்க இடம் கொடுக்காத பாட்டை நான் சமூகப் பாட்டு என்று எண்ணுவதில்லை. இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால், சினிமாவில் வரும் பல ‘புரட்சி’ ராப் பாட்டுகள் கதாநாயகன் நடந்து வருவதற்கான பின்னணி ஒலிதான் என்பது தெரிந்துவிடும். பெண்களை இழிவாகப் பேசுவதும், கார், கண்ணாடி, தங்கச் சங்கிலிப் பெருமையும் ராப்பில் நிறையவே உண்டு. பெரியவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

பேரும் ஊரும் சொல்லிப் பாடும் துணிச்சல் நாஞ்சில் நாட்டுக்குப் புதிது கிடையாது. வில்லுப்பாட்டுக் கதைகளில் பெரும்பகுதி அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் கதை. முத்துப்பட்டன் கதையில் சாதி மீறிய உறவும் அதற்குப் பின் விழுந்த பிணமும்தான் நடுமையம். அய்யா வைகுண்டர் சொல்ல அரிகோபாலன் சீடர் 1841இல் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை, அய்யாவழி மக்களுக்கு வேதம். திருவிதாங்கூர் அரசு பனையேறிகள் மேல் சுமத்திய வரிகளையும் அது சந்தத்தோடு அடுக்கிச் சொல்கிறது. மேல்சீலை அணிய நடந்த போராட்டத்தின் நடுவில் பிறந்த நூல் அது. தேரூர் கவிமணி நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிச் சொத்துரிமையை நையாண்டி செய்து ஒரு ‘மான்மியம்’ எழுதினார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த வழக்கத்தை உடைத்தது. பூதப்பாண்டி ஜீவா தொழிலாளர் கூட்டங்களுக்கு மேடையிலேயே பாட்டுக் கட்டியவர்.

ஆனால் இதே மரபு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. முத்துப்பட்டன் கதையில் பிராமணனான பட்டன், சக்கிலியர் குலத்து அக்காள் தங்கை இருவரை மணக்கிறான். பிற்காலப் பிரதிகளில் ஒரு ஒட்டுச் சேர்ந்திருக்கிறது: அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்கள், காட்டில் கிடந்த குழந்தைகளைச் சக்கிலியரான வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று. நா. வானமாமலை இந்த ஒட்டை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். கதையில் யாரும் எதையும் வெட்டவில்லை; ஒரு சின்னச் சம்பவத்தைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அதிலேயே கதையின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. சாதி மீறல், சாதிக்குள் நடந்த திருமணமாக மாறிவிட்டது. பல கை சேர்ந்து செய்கிற படைப்பில் கூர்மையை மழுக்குவது இவ்வளவு எளிது. எந்தக் கை எதைச் சேர்த்தது என்பது பதிவாகாமல் போனால் மழுக்கியவரைக் கேட்கவும் முடியாது.

ஆகவே பெயர் விஷயத்துக்கு வந்துவிடுவோம். கோயில் கொடை நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். ‘இன்னார் குழுவினரின் வில்லிசை’ என்று இருக்கும். அண்ணாவியின் பெயர் பெரிய எழுத்தில். மற்ற ஐந்தாறு பேரும் ‘குழுவினர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கம். குடம் அடித்தவர் யார்? உடுக்கு வாசித்தவர் யார்? இரவெல்லாம் ஆமா போட்டவர் யார்? விடிந்ததும் யாருக்கும் தெரியாது. ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ காலட்சேபம் ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கியது. 1949இல் ‘நல்லதம்பி’ படத்திலும் வந்தது. நந்தனார் கதையைத் திருப்பிப் போட்டு, கோயிலுக்குப் பதில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் கதையாக்கிய அதை எழுதியவர் உடுமலை நாராயணகவி. கிந்தனார் என்றால் கலைவாணர் நினைவுக்கு வருகிறார்; கவிராயர் நினைவுக்கு வருவது எத்தனை பேருக்கு?

அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே டாலர் கணக்கில். ராப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோன முதல் இசைத்தட்டு 1979இல் வந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’. அதில் ஷுகர்ஹில் கேங் குழுவின் ஒருவர் பாடிய அடிகள் கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்பவர் எழுதியவை. கேஸின் பெயர் தட்டில் இல்லை. தாளமோ ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டிலிருந்து வந்தது. அந்தக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ் வழக்குப் போடுவதாக மிரட்டிய பிறகுதான் அவருக்கும் கூட்டாளிக்கும் பாட்டில் பெயர் கிடைத்தது. 1982இல் வந்த ‘தி மெசேஜ்’ சமூக அக்கறை ராப்பின் தலைமகன் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பாட்டு. ‘கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ்’ என்ற பெயரில் வந்தது. அதில் ஃபிளாஷ் கையே வைக்கவில்லை. எழுதியதும் பாடியதும் பெரும்பாலும் டூக் பூட்டி, மெல்லே மெல் என்ற இருவர். டூக் பூட்டி அந்தக் குழுவைச் சேர்ந்தவரும் அல்ல. ஏழைகளின் அவலத்தைப் பேசிய பாட்டு, அதில் கையே வைக்காதவரின் பெயரை முன்னால் போட்டுக்கொண்டு வந்தது.

நம்மிடமும் நடந்தது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வெளிவந்தது. தீ, அறிவு பாட, சந்தோஷ் நாராயணன் இசையில், மாஜா நிறுவனத்தின் வெளியீடாக. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய குடும்பத்தின் நினைவை, பாட்டி வள்ளியம்மாளின் ஒப்பாரியை அறிவு அதில் கொண்டுவந்திருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் பாட்டைக் கொண்டாடிய ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவு இல்லை, கண்டனம் எழுந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் பாட்டு அரங்கேறியது. பாட்டை அமைத்ததும் எழுதியதும் பாடியதும் நடித்ததும் நான்தான், யாரும் எனக்கு மெட்டுக் கொடுக்கவில்லை என்று அறிவு எழுதினார். இது கூட்டு முயற்சி, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அவரே இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று.

சமூக ஊடகங்களில் அன்று ஆளுக்கொரு கட்சி பிரிந்து அடித்துக்கொண்டார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் அந்த ஒலிப்பதிவு அறையில் இருந்தவன் இல்லை. ஆனால் சண்டையின் வேர் எங்கே என்பதைச் சொல்ல முடியும், அதைத்தான் அன்று யாரும் பொறுமையாக விளக்கவில்லை.

தமிழ் சினிமாவில் வழக்கம் என்ன? இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், கவிஞர் அதற்குள் சொல்லை நிரப்புவார், பாடகர் வந்து பாடிவிட்டுப் போவார். ‘இசை, பாடல், குரல்’ என்று மூன்று வரியில் பெயர் போட்டுவிடலாம். ராப்பில் இந்தப் பிரிவினை செல்லாது. எழுதுகிறவன் சொல்லை எழுதும்போதே அது எந்தத் தட்டில் விழ வேண்டும், எங்கே ஏற வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறான். அதை ‘ஃப்ளோ’ என்கிறார்கள். பாதி மெட்டு அதிலேயே இருக்கிறது. மறுபக்கம், ‘பீட்’ செய்கிறவர் வெறும் தாளம் போடுகிறவர் அல்லர். பாட்டின் மனநிலை, அது எங்கே கனக்க வேண்டும், எங்கே வெறுமையாக வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. சினிமாவுக்குச் செய்த சட்டையை ராப்புக்குப் போட்டால் தையல் விடத்தான் செய்யும். இதில் ‘ப்ரொட்யூசர்’ என்ற சொல் வேறு. சினிமாவில் அவர் காசு போடுகிற முதலாளி. ஹிப் ஹாப்பில் பீட் செய்கிற கலைஞர். பதிப்புரிமைச் சட்டத்திலோ ஒலிப்பதிவு செய்யும் முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர் யாரோ அவர். மூன்று பேரும் ஒரே ஒப்பந்தத்தில் ஒரே பெயரில் வந்து நின்றால் பிறகு வக்கீலுக்குத்தான் லாபம்.

சட்டம் சொல்வது இவ்வளவுதான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டு ஒரே பொருள் அல்ல. வரிகள் ஒரு படைப்பு, இசை இன்னொன்று, ஒலிப்பதிவு மூன்றாவது, பாடியவரின் நிகழ்த்துரிமை நான்காவது. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு. எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். 2012 திருத்தம் ஒரு பெரிய காரியம் செய்தது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் அவர்களுடைய படைப்பு ஒலிப்பதிவில் பயன்படும்போது உரிமையை வாங்கியவரோடு சம பங்கு ராயல்டி உண்டு, அந்த உரிமையை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்றது. வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதைக் கொடுக்கலாம். ‘எல்லா உரிமையும் நிரந்தரமாக எங்களுக்கே’ என்று நிறுவனம் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுகிற பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சிலர் கேட்கலாம்: சமூகத்துக்காகப் பாடுகிறவனுக்குப் பெயரும் காசும் எதற்கு? இந்தக் கேள்வியை நான் ஒத்துக்கொள்வதில்லை. கூலி இல்லாத உழைப்பைக் கண்டித்துப் பாடிய பாட்டில் குடம் அடித்தவனுக்குக் கூலி இல்லை என்றால் அந்தப் பாட்டை எப்படி நம்புவது? சாதி ஒழியட்டும் என்ற தொகுப்பில் பறை அடித்தவரின் பெயர் மட்டும் விட்டுப்போனால் அது தற்செயல் என்று யார் நம்புவார்? கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையில் கானா பாடுகிறவரும் கிதார் வாசிக்கிறவரும் ஒரே உடையில், ஒரே வரிசையில் நின்றார்கள். பாட்டில் சொன்னதை முதலில் மேடையிலேயே செய்து காட்டினார்கள் என்பதால்தான் அந்தப் பாட்டுக்கு எடை வந்தது. வரியை மட்டும் கேட்டுவிட்டுத் தொகுப்பை மதிப்பிடக் கூடாது. அது எப்படிச் செய்யப்பட்டது, அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு. தக்கலையிலும் குளச்சலிலும் கோட்டாற்றிலும் கைபேசியில் பீட் போட்டுக்கொண்டிருக்கிற நீங்கள் மெட்ராஸ் பாஷையில் பாட வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கானா வடசென்னையின் பேச்சில் இருப்பதால்தான் அது உண்மையாக ஒலிக்கிறது. உங்கள் பேச்சில் ‘மக்கா’வும் ‘ஆக்கும்’மும் இருக்கிறது, பாதி மலையாளச் சாயல் இருக்கிறது, அந்த இழுப்புக்குத் தனித் தாளம் உண்டு. பொருளுக்கும் பஞ்சமில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையில் இருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளுகிறார்கள். மலையை உடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். நாஞ்சில் நாட்டைச் சோறு போடும் நாடாக்கிய குளங்கள் ஒவ்வொன்றாய்ச் சுருங்குகின்றன. இதையெல்லாம் பெயரோடும் ஊரோடும் பாடுங்கள். பாடும் முன் அந்த வீட்டுப் படியேறிக் கேளுங்கள். தவறான தகவலோடு வரும் சமூகப் பாட்டு எதிராளிக்கு நீங்களே கொடுக்கிற ஆயுதம். சுடலைமாடன் கோயில் கொடைக்கு வில்லடிக்க வரும் குழுவோடு ஒரு ராத்திரி உட்கார்ந்து, குடத்தின் ஒலியை உங்கள் தொகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேளுங்கள். சேர்த்தால் குடம் அடித்தவரின் முழுப்பெயரை அட்டையில் போடுங்கள். பேசிய தொகையை ஒலிப்பதிவு அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

முதல் பீட் போடும் முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வரி யாருடையது, இசை யாருடையது, குரல் யாருடையது, பதிவுச் செலவு யாருடையது, வருகிற காசில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதி, தேதி போட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். நட்பு இருக்கும்போதுதான் அந்தத் தாளை எழுத முடியும்.